தொப்புள்கொடியின் சாட்சியம்: கடலூர்–சிதம்பரம் சாலையில் ஒரு வரலாறு



நினைவுச் சொற்பொழிவு மேடைகளில் நாம் நில உரிமையின் வரலாற்றைப் பேசியிருக்கிறோம். கோயில் நுழைவு, கல்வி, வன்கொடுமை வழக்குகள் ஆகியவற்றின் வரலாற்றையும் பேசியிருக்கிறோம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது பிறந்த குழந்தையின் எடை. தராசில் வைத்துப் பார்க்கும் ஒரு எண்ணுக்கு என்ன வரலாறு இருக்க முடியும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். 2,500 கிராமுக்குக் கீழே பிறக்கும் குழந்தையை எடை குறைந்த குழந்தை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் குறைவுக்குப் பின்னால் பசி இருக்கிறது, இரத்தசோகை இருக்கிறது, இளவயதுத் திருமணம் இருக்கிறது, அடுப்புப் புகை இருக்கிறது. ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக் என்ற நச்சு உலோகங்களும் அந்த வரிசையில் உண்டு. சாதியின் வரலாறும் இந்த உலோகங்களின் வரலாறும் ஒரே வயிற்றில் சந்திக்கின்றன என்பதுதான் நான் சொல்ல வந்தது.

கொடியைப் பத்திரப்படுத்திய தாய்மார்கள்

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதைத் தூக்கி எறிவதில்லை. ஒரு துண்டைத் தாயத்தில் அடைத்து அரைஞாண் கயிற்றில் கட்டுவார்கள். ஜப்பானிலும் இதைப் போன்ற வழக்கம் இருக்கிறது. அங்கே கொடியை உலர்த்தி ஒரு சிறிய மரப்பெட்டியில் வைத்துக் காப்பார்கள். அந்த மரப்பெட்டிதான் இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய தொழிற்சாலைக் குற்றங்களில் ஒன்றுக்குச் சாட்சியாக வந்து நின்றது.

மினமாட்டா என்ற கடலோர ஊரில் சிசோ என்ற ரசாயன ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. மீன் தின்ற பூனைகள் துள்ளிச் செத்தன. 1956 மே மாதம் மனித நோயாளிகள் அதிகாரபூர்வமாகப் பதிவானார்கள். அதே ஆண்டுகளில் அங்கே கை கால் முடங்கி, பேச்சு வராமல் குழந்தைகள் பிறந்துகொண்டிருந்தன. பெற்ற தாய்மார்களிடம் நோயின் அறிகுறி இல்லை, அல்லது மிகக் குறைவாக இருந்தது. அந்தக் குழந்தைகள் மீனே தின்றதில்லை. ஆகவே இது பிறவிக் கோளாறு, ஆலைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார்கள். தாயின் உடலிலுள்ள நஞ்சு கருவைத் தொடாமல் நஞ்சுக்கொடி தடுத்துவிடும் என்பதே அன்றைய மருத்துவ நம்பிக்கை.

மசசுமி ஹராடா என்ற இளம் மருத்துவர் அந்த நம்பிக்கையை ஏற்கவில்லை. வீடு வீடாகப் போய்த் தாய்மார்கள் சொன்னதைக் கேட்டார். நான் தின்ற மீனின் நஞ்சைப் பிள்ளை வாங்கிக்கொண்டது, அதனால்தான் நான் நன்றாக இருக்கிறேன் என்று படிப்பறிவில்லாத மீனவப் பெண்கள் சொன்னதை அவர் மருத்துவச் சான்றாக எடுத்துக்கொண்டார். 1962இல் அது கருவிலேயே வந்த பாதரச நோய் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. பிறகு ஹராடாவும் அவருடைய கூட்டாளிகளும் குடும்பங்கள் காத்துவைத்திருந்த கொடிகளைக் கேட்டு வாங்கிச் சோதித்தார்கள். ஆலையின் உற்பத்தி ஏறிய ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளின் கொடியில் பாதரசமும் ஏறியிருந்தது. ஆலையின் கணக்குப் புத்தகமும் தாய்மார்களின் மரப்பெட்டியும் ஒத்துப்போயின.

மினமாட்டா காலம் கடந்த கதை என்று சொல்லிவிட முடியாது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கை அந்த ஊரின் பெயரையே தாங்கியிருக்கிறது. இந்தியா 2018இல் அதை ஏற்றது. நம் கொடைக்கானலிலும் 2001இல் ஒரு பழைய இரும்புக் கடையில் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு கிடப்பதை மக்கள்தான் கண்டுபிடித்தார்கள். அந்த ஆலையின் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாடு 2016இல்தான் வந்தது. பதினைந்து ஆண்டுகள்!

உலோகம் கருவில் என்ன செய்கிறது

இந்த அறிவு மினமாட்டாவுக்கும் முந்தியது. கான்ஸ்தான்தென் போல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1860இலேயே ஈயத்தோடு வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவும் சிசு மரணமும் மிகுதியாக நேர்வதைப் பதிவு செய்தார். ஈயத் தொழிலாளிகளின் மனைவியரிடமும் அதையே கண்டார். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919இல் கூடிய தன் முதல் மாநாட்டிலேயே ஈய வேலைகளிலிருந்து பெண்களையும் சிறுவர்களையும் காக்கப் பரிந்துரை செய்தது. நூறாண்டு கழித்தும் யாருக்கும் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஈயம் நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடக்கிறது. வளர்ந்தவரின் உடலில் சேரும் ஈயத்தில் பெரும்பகுதி எலும்பில் தங்கி, அங்கே பல பத்தாண்டுகள் கிடக்கிறது. கருவுற்ற பெண்ணின் உணவில் சுண்ணாம்புச்சத்து போதாவிட்டால், குழந்தையின் எலும்புக்காக உடல் தாயின் எலும்பைக் கரைக்கிறது. அப்போது பழைய ஈயமும் இரத்தத்துக்கு வருகிறது. சிறுமியாக இருந்தபோது சுவாசித்த தூசி அவள் தாயாகும்போது வெளியே வருகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். இதற்கு மேல் போனால்தான் ஆபத்து என்று ஈயத்துக்கு ஓர் எல்லை கிடையாது, பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

காட்மியம் வேறு மாதிரி வேலை செய்கிறது. அது நஞ்சுக்கொடியிலேயே தங்கி, துத்தநாகம் போன்ற சத்துகள் குழந்தைக்குப் போகும் வழியைக் கெடுக்கிறது. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் 1,616 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியான ஆய்வில், தாயின் உடலில் காட்மியம் கூடக்கூடக் குழந்தையின் எடையும் தலைச்சுற்றளவும் குறைவது தெரிந்தது. பெண் குழந்தைகளிடம்தான் அது தெளிவாகத் தெரிந்தது. மீன் வழியாக வரும் மெத்தில் பாதரசம் தாயின் இரத்தத்தைவிடக் கொடி இரத்தத்தில் கூடுதலாகச் சேர்கிறது. மினமாட்டா தாய்மார்கள் சொன்னது இதைத்தான்.

இரத்தசோகை என்ற வாசல்

இனி நம் கதைக்கு வருகிறேன். குடலில் இரும்புச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும் வழியிலேயே ஈயமும் காட்மியமும் நுழைகின்றன. உடலில் இரும்பு குறைந்தால் உடல் அந்த வழியை அகலத் திறக்கிறது. இரும்பு வரட்டும் என்று திறந்த கதவில் நஞ்சும் வருகிறது. ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் இரண்டு பெண்களில் கீரையும் முட்டையும் பாலும் கிடைத்த பெண்ணின் உடலில் ஏறும் ஈயத்தைவிட, அவை கிடைக்காத பெண்ணின் உடலில் ஏறும் ஈயம் அதிகம்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. கூலி வேலைக்குப் போய், வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டு, மிச்சத்தில் வயிறு நிரப்பும் பெண்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தீண்டாமை தட்டில் தொடங்குகிறது, தண்ணீரில் தொடர்கிறது. அது இரத்தத்தின் வழியே அடுத்த தலைமுறைக்குப் போவதை வேதியியல் நமக்குக் காட்டுகிறது. பாபாசாகேப் 1927இல் மகாடில் குளத்து நீரை அள்ளிக் குடித்தபோது நீரைத் தொடும் உரிமைக்காகப் போராடினார். நாம் இன்று அந்த நீரில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமைக்காகவும் போராட வேண்டியிருக்கிறது.

உப்பனாற்றங்கரை

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கடலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 29 விழுக்காடு. மாநிலச் சராசரி 20 விழுக்காடு. நந்தனின் கதையைச் சுமக்கும் மண் இது. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியதும், காட்டுமன்னார்கோயில் பகுதியிலிருந்து இளையபெருமாள் நாடாளுமன்றம் போனதும் இந்த மண்ணிலிருந்துதான்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் எட்டு கிலோமீட்டர் தாண்டினால் சிப்காட். 1980களின் தொடக்கத்தில் உருவான வளாகம். மேற்கே நெடுஞ்சாலை, கிழக்கே உப்பனாறு. குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி, காரைக்காடு என்று சுற்றிலும் ஊர்கள். பூச்சிக்கொல்லி, மருந்து மூலப்பொருள், சாயம், பிளாஸ்டிக் மூலப்பொருள் ஆகியவற்றின் ஆலைகள் வந்தன. ஆற்றை நம்பிய மீனவர்கள் மீனை இழந்தார்கள். கிணற்றை நம்பிய விவசாயிகள் நீரை இழந்தார்கள். நிலமே இல்லாத நம் மக்களுக்கு வந்தது ஒப்பந்தக் கூலி வேலை: கழிவு அள்ளுவது, தொட்டி கழுவுவது, மூட்டை தூக்குவது. அந்த வேலைக்குப் போனவரின் சட்டையில் தூசி வீட்டுக்கு வந்தது. அதைத் துவைத்தவள் மனைவி. 1860இல் பிரெஞ்சு மருத்துவர் கண்டதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சென்னையிலிருந்து வந்த ஆய்வாளர்கள் உப்பனாற்றின் படிவுகளை அடுக்கடுக்காக எடுத்து, அவற்றில் ஈயம், காட்மியம், குரோமியம் முதலான உலோகங்களை அளந்து 2006இல் ஒரு பன்னாட்டு இதழில் வெளியிட்டார்கள். ஆற்றின் அடிச்சேறு ஆண்டுக்காண்டு எழுதப்படும் ஒரு பேரேடு. அதற்கு முன்பே, 2003இல், ஓய்வுபெற்ற நீதிபதி கனகராஜ் தலைமையிலான இந்திய மக்கள் தீர்ப்பாயம் இந்த ஊர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்து அறிக்கை தந்தது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது கடலூர் 77.45 பெற்றது. 70க்கு மேல் என்றால் மிகக் கடுமையாக மாசுபட்ட பகுதி.

அதோடு முடியவில்லை. 2021 மே மாதம் குடிகாட்டில் ஒரு பூச்சிக்கொல்லி ஆலை விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து குடிகாட்டு வீடுகளுக்குள் கழிவு புகுந்தது. விபத்து நடந்தால் செய்தி வருகிறது. ஆனால் விபத்தே நடக்காத நாளிலும் கொஞ்சம் கொஞ்சமாக உடலில் ஏறுவதற்கு எந்தச் செய்தியும் வருவதில்லை.

மாவட்டத்தின் மறுபக்கம் நெய்வேலி. 1956இல் தொடங்கிய நிலக்கரி நிறுவனம் இந்தியாவுக்கு மின்சாரம் தந்தது. பழுப்பு நிலக்கரியை எரித்தால் அதிலுள்ள பாதரசம் காற்றுக்கும் சாம்பலுக்கும் போகும். 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்களும் மந்தன் ஆய்வு மையமும் அந்தப் பகுதியின் நீரையும் மண்ணையும் சோதித்து அறிக்கை வெளியிட்டார்கள். பாதரசம் அனுமதித்த அளவைப் பல மடங்கு தாண்டியிருந்த இடங்களை அது காட்டியது. அதையொட்டித் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

வாளியின் வழி

2004இல் சிப்காட் ஊர்க்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கையில் எடுத்தார்கள். வாளிக்குள் ஒரு பை. நாற்றம் அடிக்கும் நேரத்தில் காற்றை அதில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அவர்கள் வெளியிட்ட அறிக்கை, காற்றில் 22 நச்சு ரசாயனங்களைக் காட்டியது. அவற்றில் எட்டு புற்றுநோய் தருபவை. அதுவரை நாற்றத்தைப் பற்றி மக்கள் புகார் சொன்னால் ஆதாரம் கேட்ட அதிகாரிகள், இப்போது ஆதாரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆனார்கள்.

அந்த வாளிக்கும் ஒரு வம்சம் உண்டு. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நார்கோ என்ற ஊரில், ஷெல் ஆலையின் வேலியை ஒட்டியிருந்த டைமண்ட் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு இதே வாளியால் காற்றைப் பிடித்தது. மார்ஜி ரிச்சர்ட் என்ற பள்ளி ஆசிரியை அந்தப் போராட்டத்தின் முன்னால் நின்றார். 2002இல் நிறுவனம் அந்த மக்களை வேறிடத்துக்கு மாற்றும் செலவை ஏற்க ஒப்புக்கொண்டது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் 1982இல் வாரன் கவுண்டியில் நச்சுக் குப்பைக் கிடங்கை எதிர்த்துச் சாலையில் படுத்தார்கள். 1987இல் ஒரு தேவாலய அமைப்பு நாடு முழுவதும் கணக்கெடுத்து, நச்சுக் கழிவுக் கூடம் எங்கே வரும் என்பதை வருமானத்தைவிட நிறமே தீர்மானிக்கிறது என்று எண்ணிக்கையால் நிறுவியது. நம் நாட்டில் சேரிக்கும் குப்பைமேட்டுக்கும், காலனிக்கும் கழிவுக் கால்வாய்க்கும் உள்ள தூரத்தை அப்படி அளந்து வரைபடமாக்கும் வேலை நமக்காகக் காத்திருக்கிறது.

எண்ணுவது நமக்குப் புதிதல்ல. 1965இல் அமைக்கப்பட்ட இளையபெருமாள் குழு ஊர் ஊராகச் சாட்சியம் பெற்று 1969இல் அறிக்கை தந்தது. தீண்டாமை ஒழிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்டின் முன் அது பட்டியலை வைத்தது. அந்த மரபில் வந்தவர்கள் நாம்.

யார் நிரூபிப்பது?

காற்றை அளந்தார்கள், நீரை அளந்தார்கள், ஆற்றுச் சேற்றையும் அளந்தார்கள். ஆனால் ஒவ்வொரு கருவுற்ற பெண்ணும் கையில் வைத்திருக்கும் தாய்–சேய் நல அட்டையைத் திறந்து பாருங்கள். எடைக்குக் கட்டம் இருக்கிறது, ஹீமோகுளோபினுக்கு, இரத்த அழுத்தத்துக்கு, சிறுநீருக்குக் கட்டம் இருக்கிறது. ஈயத்துக்குக் கட்டம் இல்லை. சிப்காட் சுவரை ஒட்டிய ஊரில் வாழும் பெண்ணுக்கும் அதே அட்டைதான். கட்டம் இல்லாததால் எண் இல்லை, எண் இல்லாததால் பாதிப்பு இல்லை என்று சொல்லிவிடுவது நிர்வாகத்துக்கு எளிது. மினமாட்டாவில் ஆலையும் அரசும் பல ஆண்டுகள் செய்ததும் இதைத்தான்.

இங்கே நாமும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு குழந்தை 2,200 கிராமில் பிறந்தால் அதற்கு உலோகம்தான் காரணம் என்று அந்த ஒரு குழந்தையைக் காட்டிச் சொல்ல முடியாது. மாதம் நிறையாமல் பிறந்திருக்கலாம். தாய் பட்டினி கிடந்திருக்கலாம். தமிழ்நாட்டில் 1,285 கருவுற்ற பெண்களைக் கொண்டு நடந்து 2018இல் வெளியான ஆய்வு, காற்றிலுள்ள நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைவதைக் காட்டியது. ஒரு குழந்தையிடம் 4 கிராமைக் கண்ணால் காண முடியாது. ஆயிரம் குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் தனிப்பட்ட தாயின் துயரமாக இது நின்றுவிடுகிறது. அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று மாமியார் திட்டுவார், மாத்திரை போடவில்லை என்று செவிலியர் திட்டுவார். ஆலையைத் திட்ட யாரும் இருக்கமாட்டார்கள்.

1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நன்மை மசோதா வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்பும் பின்பும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், ஆகவே அந்தச் சுமையில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்றார். பெண்களின் உழைப்பால் லாபம் பெறும் முதலாளிக்கும் அதில் பொறுப்புண்டு என்றார். கருவில் இருக்கும் குழந்தையின் நலனைத் தாயின் தனிக் கடமையாக விடாமல் அரசின் கடமையாகவும் முதலாளியின் கடமையாகவும் அவர் மாற்றினார். நம் கோரிக்கைகள் அந்தப் பேச்சிலிருந்து தொடங்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, சிப்காட்டையும் நெய்வேலியையும் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருவுற்ற முதல் மூன்று மாதங்களுக்குள் இரத்த ஈயப் பரிசோதனை, பிரசவத்தின்போது கொடி இரத்தப் பரிசோதனை. ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். உணவில் சுண்ணாம்புச்சத்தும் இரும்பும் போதாத கருவுற்ற பெண்ணுக்கு அவற்றைத் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது.

இரண்டாவது, ஒவ்வொரு கர்ப்பமும் அரசிடம் இணையவழியில் பதிவாகிறது. பிறப்பு எடை அங்கே இருக்கிறது. பெயர்களை நீக்கிவிட்டு, ஊர்வாரியாகப் பத்தாண்டுக் கணக்கை வெளியிட வேண்டும்.

மூன்றாவது, உலோகமும் ரசாயனமும் கையாளும் ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் குளிக்க, உடை மாற்ற, உடையை அங்கேயே துவைக்க வசதி வேண்டும். கருவுற்ற பெண்ணுக்குக் கூலி குறையாமல் வேறு வேலை வேண்டும்.

நான்காவது, இந்த விவரங்களின் இரகசியம். சிப்காட் ஊர்ப்பெண் என்று சொல்லி நம் பெண்களின் திருமணத்தைத் தடுக்கும் ஆயுதமாக இது மாறிவிடக் கூடாது. தீட்டு என்ற சொல்லால் ஏற்கெனவே சுடப்பட்டவர்கள் நாம். நஞ்சு என்ற சொல்லால் மீண்டும் சுடப்படச் சம்மதிக்க முடியாது. யாருடைய இரத்தமோ அவருடைய சம்மதம், யாருடைய ஊரோ அந்த ஊருக்கு முதல் அறிக்கை.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். சிதம்பரத்தில் ராஜா முத்தையா பெயரில் இருந்த மருத்துவக் கல்லூரி 2021இல் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியானது. பரங்கிப்பேட்டையில் கடல்வாழ் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. ஒரு மணி நேரப் பயணத்தில் உப்பனாற்றங்கரை. அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் பலர். மருத்துவம் படிப்பவரும் வேதியியல் படிப்பவரும் சமூகவியல் படிப்பவரும் சேர்ந்து ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பெண்களின் சம்மதத்தோடு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். குழந்தை எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, எடை, நீளம், தலைச்சுற்றளவு, தாயின் ஹீமோகுளோபின், வீட்டில் யார் எந்த வேலைக்குப் போகிறார், எந்தக் கிணற்றுத் தண்ணீர், வாரத்துக்கு எத்தனை நாள் மீன். வாரக் கணக்கை விட்டுவிடாதீர்கள். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தையையும் மாதம் நிறைந்தும் வளராத குழந்தையையும் அதுதான் பிரித்துக் காட்டும். அந்த நோட்டில் முதல் ஐம்பது பெயர்கள் சேர்ந்ததும் ஊர்க்கூட்டம் போட்டு அவர்களிடமே அதை வாசித்துக் காட்டுங்கள். பிறகு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவோம்.

ஜெய்பீம்.